கைக்குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது எப்படி? சுங்கை சிப்புட் பக்கத்துப் புதுப் பெற்றோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரிடமாவது "பிள்ளைக்கு எப்போது கிளினிக்?" என்று கேட்டால், "ரெண்டாம் மாச ஊசி, அடுத்த புதன்" என்றுதான் பதில் வரும். கிளினிக் என்றாலே ஊசி என்று மனதில் பதிந்துவிட்டது. ஊசி குத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் எடை, நீளம், தலைச்சுற்றளவு, கண், இதயம், இடுப்பு, பால் குடிக்கும் விதம் என்று பிள்ளையைப் பார்ப்பதற்குத்தான். பெற்றவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், டாக்டருக்குத் தெரிவது அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை காட்டியது மட்டுமே. ராத்திரி எத்தனை தடவை எழுந்தது, பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, மலம் என்ன நிறம் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சொல்வதுதான் இந்தப் பயணத்தின் பாதி வேலை.

முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும், கல்யாணமாகி வெளியூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ இங்கே வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்பில், டோவன்பி, ஈவூட் என்று எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், டவுனில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருந்தாலும் முறை ஒன்றுதான்.

வீட்டுக்கு வரும் மிஸ்ஸி

பிரசவம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஆகியிருந்தாலும் தனியார் ஆஸ்பத்திரியில் ஆகியிருந்தாலும், வீடு திரும்பிய கையோடு பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். எந்த வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்? பிள்ளையோடு நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளது. நம் பெண்கள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். கர்ப்பகாலக் கார்டு ஒரு கிளினிக்கில் இருக்கும், பிள்ளையோ வேறு தோட்டத்தில் இருக்கும். சொல்லாமல் போனால், வீட்டுக்கு வந்து பார்க்கும் மிஸ்ஸி (கிளினிக் நர்ஸ்) பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். தோட்டத்து லயத்து வீடு என்றால் வீட்டு எண் மட்டும் போதாது, கோயிலுக்குப் பக்கமா, ஆபீஸுக்குப் பக்கமா என்று அடையாளமும் ஃபோன் நம்பரும் கொடுங்கள்.

முதல் பத்து நாளில் மிஸ்ஸி பல தடவை வருவார், அப்புறம் இடைவெளி விட்டு வருவார். தொப்புள், தாயின் தையல், ரத்த அழுத்தம், பால் கட்டு எல்லாம் பார்ப்பார். பாட்டிமார்கள் இன்னும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே கலர் மருந்துதான் இருந்தது என்று அதே மூச்சில் சிரிப்பார்கள். அந்த ஏற்பாடு போய்விட்டது. இப்போது தோட்டத்துக்குள் வந்து பிள்ளையைப் பார்க்கிற ஆள் இந்த மிஸ்ஸிதான், அவரை விட்டுவிடாதீர்கள்.

இந்த நாட்களில் அவர் அதிகம் கவனிப்பது மஞ்சள்காமாலை. பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் கொஞ்சம் மஞ்சளாவது சகஜம், பெரும்பாலும் தானாக இறங்கும். ஏறிப்போனால் மூளையைப் பாதிக்கும். அதனால்தான் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், அளவு கூடினால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள். "காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். வெயில் அந்த விளக்குக்கு ஈடாகாது, பிள்ளைக்குச் சூடு ஏறுவதுதான் மிச்சம். ரத்தம் எடுக்க வரச் சொன்ன நாளில் போய்விடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்து வந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். வெளுத்த மலம் பித்தக்குழாய் அடைப்பைக் காட்டலாம். அதற்கு அறுவை சிகிச்சை முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இரண்டு பரிசோதனை செய்திருப்பார்கள். ஒன்று தைராய்டுக்கு, இன்னொன்று ஜி6பிடி என்ற என்சைம் குறைவுக்கு. முடிவு என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜி6பிடி குறைவு உள்ள பிள்ளையின் துணி அலமாரியில் அந்துருண்டை போடவே கூடாது. ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் திடீரென்று ஏறிவிடும். பாட்டி பெட்டியில் பூட்டி வைத்திருந்த பழைய தொட்டில் சேலையிலும் அந்த வாசம் இருக்கும், துவைத்து வெயிலில் காய வைக்காமல் கட்டாதீர்கள். நாட்டு மருந்து எது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

பத்திரமும் பெயரும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறப்புப் பத்திரத்தோடு மைகிட் என்ற பிள்ளைகளுக்கான அடையாளக் கார்டும் கிடைக்கும். அப்பா அம்மா கல்யாணத்தைச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும், கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமைதான் கணக்கு. அம்மா வெளிநாட்டவர் என்றால் பிள்ளைக்கு வருஷக்கணக்கில் சிக்கல். நம் சமூகத்தில் அடையாள அட்டை இல்லாமல் தவிக்கிற பலருடைய கதை இப்படித்தான் தொடங்கியது.

நல்ல பெயர் அமையவில்லை, நட்சத்திரத்துக்கு எழுத்து பார்க்கிறோம் என்பதற்காகக் கிளினிக்கைத் தள்ள வேண்டியதில்லை. பெயர் பதியும் வரை பிள்ளையை அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் கவுண்டரில் காது கொடுக்க வேண்டியது உங்கள் பெயருக்கு.

எந்த மாதம் எதற்கு

முதல் பெரிய செக்கப் ஒரு மாதத்தில். அன்று பெரும்பாலும் டாக்டரே பிள்ளையைப் பார்ப்பார், தாயையும் பார்ப்பார்கள். பச்சை உடம்புக்காரி முப்பது கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். நல்லவேளை, இந்தத் தேதி அதோடு மோதுவதில்லை. இடையில் வரச் சொன்னால் மட்டும் முப்பது பார்க்காதீர்கள்.

ஊசிகளின் கணக்கு இது. பிறந்த அன்றே பிசிஜி (காசநோய்க்கு), ஹெபடைடிஸ் பி (கல்லீரல் அழற்சிக்கு). 2, 3, 5ஆம் மாதங்களில் ஆறு நோய்க்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான், போலியோ, ஹிப் கிருமி, ஹெபடைடிஸ் பி. 4ஆம் மாதமும் 6ஆம் மாதமும் நிமோகோக்கல், அதாவது நிமோனியா தரும் ஒரு கிருமிக்கான ஊசி. 9ஆம் மாதமும் 12ஆம் மாதமும் தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றும் சேர்ந்தது. 15ஆம் மாதம் நிமோகோக்கல் மறுபடி, 18ஆம் மாதம் ஆறு நோய் ஊசி மறுபடி. சபா, சரவாக் மாநிலங்களில் சில மாற்றங்கள் உண்டு, அங்கே குடிபோகிறவர்கள் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையின் பழைய புத்தகத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஆறு நோய் ஊசியும் நிமோகோக்கலும் 2020 கடைசியில்தான் அட்டவணைக்குள் வந்தன.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இவை இலவசம். தோட்டத்துப் பெனல் கிளினிக்கில் (நிர்வாகம் ஒப்பந்தம் செய்த தனியார் கிளினிக்) காய்ச்சல் பார்ப்பார்கள், ஊசிச் செலவையும் நிர்வாகம் ஏற்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், முதலில் கேளுங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தனியாரில் காசு கொடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டுமென்றால் இரண்டாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள், முதல் தவணையை மூன்றரை மாதத்துக்கு மேல் தொடங்க மாட்டார்கள்.

"இந்தக் காலத்துல யாருக்கு போலியோ வருது?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் போலியோ என்று உறுதியானது. 27 வருஷமாக நாட்டில் இல்லாத நோய் அது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஊசித் தேதி பிறந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். வளர்ச்சியை மட்டும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளை நான்கு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை என்று மாமியார் கவலைப்பட்டால், இதைச் சொல்லுங்கள்.

முந்தின நாள்

வேலை ஏற்பாடுதான் முதலில். கிளினிக் நேரமும் ரப்பர் பால்வெட்டும் நேரமும் ஒன்று, காலைதான். செம்பனைப் பழம் வெட்டுகிறவருக்கும் அப்படித்தான். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) அன்று காலையில் சொல்வதைவிட ஒரு வாரம் முன்னாலேயே தேதியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குச் சட்டப்படி 7 நாள் பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் உண்டு. அது தொடர்ந்து எடுக்க வேண்டியது, ஒரு மாதச் செக்கப் வரைக்கும் வராது. அம்மாவின் 98 நாளில் முதல் மூன்று செக்கப் அடங்கிவிடும்.

போக்குவரத்து அடுத்தது. மோட்டாரில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். லோரி ஓடும் ரோட்டில் அது வேண்டாம். பக்கத்து வீட்டுக் கார், தெரிந்த டாக்சி, யாரையாவது முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காரில் குழந்தை இருக்கை 2020லிருந்து கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது பத்திரம் போலத் தெரியும், பிரேக் பிடித்தால் எந்தக் கையும் தாங்காது.

பைக்குள் போக வேண்டியது அதிகமில்லை. பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், தாயின் புத்தகம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இருந்தால் அது. நாலைந்து பெம்பர்ஸ் (டயப்பர்), மாற்றுத் துணி, ஒரு மெல்லிய துண்டு. புட்டிப்பால் பிள்ளை என்றால் பால்மாவும் சுடுதண்ணீரும் தனித்தனியாக. இவற்றில் மறக்கவே கூடாதது புத்தகம். எடைக்கோடும் ஊசித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. நாட்டின் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தொடர்வார்கள். சாமி அறையில் வைத்துவிட்டுத் தேடாதீர்கள், பிள்ளையின் பையிலேயே கிடக்கட்டும்.

பிள்ளைக்கு முன்பக்கம் திறக்கும் சட்டை போடுங்கள். வெள்ளிக் காப்பு, தண்டை எல்லாம் வீட்டில் இருக்கட்டும், எடை போடும்போது கழற்றத்தான் சொல்வார்கள். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது. முகமெல்லாம் பவுடர் அப்புவதும் வேண்டாம், அது மூச்சில் போகும். ராகுகாலம் பார்த்துத்தான் கிளம்புவோம் என்பவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், கிளினிக்கில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

கடைசியாக, கேள்விகளை ஃபோனில் எழுதி வையுங்கள். தூக்கம் கெட்ட தலையில் அங்கே போனதும் ஒன்றும் நினைவுக்கு வராது.

கிளினிக்கில்

நம்பர் எடுத்து, தாய் சேய் பகுதியில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். இருமுகிறவர்கள் உட்காரும் பக்கம் வேண்டாம். கூட்டிக்கொண்டு போக ஒரு துணை போதும். அத்தை, சித்தி, கொழுந்தனார் என்று வேன் நிறைய வந்தால் உட்கார இடம் இருக்காது, ஆளுக்கொரு யோசனையும் வரும்.

எடை போடும்போது பிள்ளையைத் துணியில்லாமல் வைப்பார்கள். பிறந்த எடையிலிருந்து முதல் வாரத்தில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறும். அப்புறம் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறுவது வழக்கம். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடையை விசாரிக்காதீர்கள். புத்தகத்தில் உள்ள கோட்டைப் பாருங்கள். சின்னப் பிள்ளை சின்னக் கோட்டிலேயே ஒழுங்காக ஏறினால் கவலையில்லை. நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்த பிள்ளை அடுத்தடுத்து இரண்டு தடவை கீழே இறங்கினால்தான் காரணம் கேட்க வேண்டும்.

டாக்டர் உச்சிக்குழியைத் தடவுவார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார், நெஞ்சில் கேட்பார், தொடையை மடக்கி விரித்து இடுப்பு மூட்டு சரியா என்று பார்ப்பார். ஆண்பிள்ளைக்கு விதைகள் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பிள்ளை வீறிட்டு அழும். அழட்டும், வலிப்பதில்லை. முதுகிலோ பிட்டத்திலோ நீலமாகத் திட்டு இருந்தால் யாரும் அடித்த காயமில்லை, நம்மைப் போன்ற நிறத்துப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான், வளர வளர மறையும். முதல் தடவையே அதைக் காட்டிப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மலாய் சரளமாக வராதவர்களுக்கு: பெரும்பாலான மிஸ்ஸிகள் மலாயில்தான் கேட்பார்கள். சூசு பாடான் என்றால் தாய்ப்பால், டெமாம் காய்ச்சல், கூனிங் மஞ்சள், பாத்தோக் இருமல், பெராக் மலம், கென்சிங் சிறுநீர். ஏதும் புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள், இந்த ஊரில் கிடைத்துவிடுவார்.

இனி நீங்கள் பேச வேண்டியது. எண்ணிக்கையோடு சொன்னால் டாக்டருக்கு உதவும். "நல்லாத்தான் குடிக்குது" என்பதைவிட, "இரண்டரை மணிக்கு ஒரு தடவை குடிக்கிறது, ஒரு நாளைக்கு ஆறு பெம்பர்ஸ் நனைகிறது" என்றால் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா, ஒரு கை மட்டும் அதிகம் ஆடுகிறதா என்று கவனித்ததைச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் பிள்ளை உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும்.

வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவியது, சர்க்கரைத் தண்ணீர், தேன், சாம்பிராணிப் புகை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டு விழுமோ என்று மறைத்தால் பிள்ளைக்கு ஏன் வயிறு உப்புகிறது என்று அவர் எங்கே தேடுவார்? ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். இதை வீட்டில் நீங்கள் சொன்னால் சண்டை வரும். டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள், பாட்டியையே துணைக்குக் கூட்டிப் போங்கள்.

தாய்க்கும் ஒரு வார்த்தை. காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை, தூங்க நேரம் இருந்தும் தூக்கம் வரவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வியாதிதான், பார்க்க வழி இருக்கிறது. கணவர் கூட வந்திருந்தால் சில சமயம் அவர்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊசி போட்ட பிறகு

லேசான சளி இருந்தால் ஊசியைத் தள்ள மாட்டார்கள், காய்ச்சல் அதிகம் என்றால் தள்ளுவார்கள். எதுவானாலும் முடிவு அவர்களுடையது, வீட்டிலேயே முடிவு செய்து தேதியை விட்டுவிடாதீர்கள். தவறிப்போனாலும் பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

ஊசி போடும்போது பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரியும், மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

அன்றும் மறுநாளும் காய்ச்சல், சிணுங்கல், தொடையில் வீக்கம் வரலாம். பாராசித்தாமோல் சிரப் பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கிளினிக்கிலேயே எழுதி வாங்குங்கள். மூத்த பிள்ளைக்குக் கொடுத்த அளவு இதற்கு ஆகாது, பாட்டில் மாறினால் மருந்தின் அடர்த்தியும் மாறும். வீங்கின இடத்தில் கோடாலித் தைலம், மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பிறந்தபோது இடது தோளில் போட்ட பிசிஜி சில வாரம் கழித்துச் சிவந்து சீழ் கட்டும். இது எதிர்பார்த்ததுதான். பிதுக்காமல் விட்டால் தானாக ஆறி, தழும்பு மட்டும் நிற்கும்.

தேதி பார்க்காமல் ஓட வேண்டியவை

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம், விலா உள்வாங்கும் மூச்சு, உதடு நீலமாவது, வலிப்பு, பச்சை நிறத்தில் வாந்தி, பாதி நாளாகியும் பெம்பர்ஸ் நனையாதது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். தேவைப்பட்டால் அங்கிருந்தே ஆம்புலன்சில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வண்டி இல்லையென்றால் 999க்கு ஃபோன் செய்யுங்கள். தோட்டத்துக்குள் எந்தப் பாதையில் திரும்ப வேண்டும் என்று ஃபோனில் சொல்லத் தெரிந்த ஒருவர், ஆம்புலன்ஸ் வரும்போது மெயின் ரோட்டு முனையில் டார்ச்சோடு நிற்கட்டும். புத்தகத்தை அப்போதும் எடுத்துக்கொள்ளுங்கள்.